மாடுலர் மேசை வாங்கிய பிறகும் அறை மாறாதது ஏன்? பல்நோக்கு அறைகளுக்கான ஃபர்னிச்சர் கணக்கு

காலையில் வகுப்பு, பிற்பகலில் குழுவேலை, மாலையில் நிகழ்ச்சி. ஒரே அறை மூன்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்பது நூலகங்கள், பள்ளிகள், பகிர்ந்து பயன்படுத்தும் அலுவலகங்கள், சமூகக் கூடங்கள் எல்லாவற்றிலும் இன்று சாதாரணமாகிவிட்டது. இதற்குத் தீர்வு என்று விற்கப்படுவது மாடுலர் ஃபர்னிச்சர். வாங்கி ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், பல இடங்களில் மேசைகள் முதல் நாள் போட்ட இடத்திலேயே கிடக்கும். பழுதான பொருள் என்று எதுவும் இருக்காது. வாங்கும்போது போடவேண்டிய சில கணக்குகள் விட்டுப்போயிருக்கும்.

அந்தக் கணக்குகள்தான் இந்தக் கட்டுரை.

## ஒரே சொல், மூன்று வேகங்கள்

மாடுலர் என்றால், குறிப்பிட்ட அளவுகளில் செய்த அலகுகளைச் சேர்த்தும் பிரித்தும் வேறு வேறு வடிவம் பெறலாம் என்று பொருள். எவ்வளவு நேரத்தில், யார் கையால் என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். விற்பனைப் பட்டியலில் மாடுலர் என்று வரும் பொருள்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. நிமிட வேகம்: அறையைப் பயன்படுத்துபவரே, கருவி எதுவும் இல்லாமல் மாற்றுவது. சக்கர மேசை, பலகையைச் செங்குத்தாகத் திருப்பி ஒன்றுக்குள் ஒன்று செருகும் மேசை, அடுக்கும் நாற்காலி, உருட்டும் வெள்ளைப் பலகை.

2. மணி வேகம்: பராமரிப்பாளர் ஆலன் கீயும் (அறுகோண முனைச் சாவி) ஸ்க்ரூடிரைவரும் கொண்டு மாற்றுவது. தட்டுகளின் உயரத்தை மாற்றுதல், பிணைத்த சோபா அலகுகளைப் பிரித்தல், தடுப்புகளை வேறு கோணத்தில் இணைத்தல்.

3. ஆண்டு வேகம்: கழற்றி, கூடுதல் பாகம் வாங்கி, மறுபடி கட்டுவது. குழாய்ச் சட்டக அலமாரிகள், சுவரில் தண்டவாளம் பதித்துத் தட்டு மாட்டும் முறைகள்.

மூன்றும் உண்மையிலேயே மாடுலர்தான். ஆனால் நாளுக்கு மூன்று முறை மாறவேண்டிய அறைக்கு மூன்றாவது வகையை வாங்கினால் பயனில்லை. அதேபோல, பத்தாண்டு ஒரே இடத்தில் நிற்கப்போகும் புத்தக அலமாரிக்குச் சக்கரம் வைப்பதும் வீண்செலவு. ஆபத்தும்கூட. எந்தப் பொருளை எடுத்தாலும் முதல் கேள்வி, இது எந்த வேகத்தைச் சேர்ந்தது என்பதாக இருக்கட்டும்.

மூன்றாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. ஜெர்மன் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் 1960-ல் வடிவமைத்த 606 சுவர் அலமாரி இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் கட்டடக் கலைஞர் ஃப்ரிட்ஸ் ஹாலரும் பால் ஷேரரும் 1963-ல் உருவாக்கிய உருண்டை, குழாய், தகடு மூன்றையும் கொண்ட முறையும் அப்படித்தான். இவற்றின் பெருமை வேகத்தில் இல்லை. இன்று வாங்கும் பாகம் பழைய அலமாரியோடு சேர்ந்து நிற்கும் என்பதில் இருக்கிறது.

எச்சரிக்கைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க ஃபர்னிச்சர் நிறுவனமான ஹெர்மன் மில்லருக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் உருவாக்கி 1968-ல் வந்த இரண்டாவது ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’, வேலை மாறும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடிய தடுப்புகளாகத்தான் வடிவமைக்கப்பட்டது. தடுப்புகளை 120 டிகிரி விரிவில் வைப்பது அவர் எண்ணம். வாங்கிய நிறுவனங்கள் இடம் மிச்சம் பிடிக்க 90 டிகிரியில் நெருக்கிக் கட்டின. அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவிய அலுவலகக் கூண்டுகள் பிறந்தன. பொருளில் மாறும் தன்மை இருந்தது, மாற்றும் வேலையை யாரும் ஏற்கவில்லை.

## மேசையின் அளவு: நீளம் அகலத்தைப் போல இரு மடங்கு

மேசைகளைச் சேர்த்து வைக்கும் அறையில் அழகு, நிறம் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கவேண்டியது பலகையின் நீள அகல விகிதம். 1400 × 700 மி.மீ. மேசை இரண்டை நீளப் பக்கங்கள் சேரும்படி ஒட்டினால் 1400 மி.மீ. சதுரம். அதன் பக்கத்தில் மூன்றாவது மேசையைக் குறுக்காக வைத்தாலும் விளிம்பு சரியாகப் பொருந்தும். 1500 × 700 வாங்கினால், இரண்டைச் சேர்த்தபின் 1500 × 1400. குறுக்கே வரும் மூன்றாவது மேசை 100 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போகிறவர் இடுப்பு அதில் இடிக்கும். 1200 × 600, 1400 × 700, 1600 × 800 மூன்றும் 2:1 விகிதம். எதை எடுத்தாலும் அறை முழுக்க ஒரே அளவாக இருக்கட்டும்.

ஒருவருக்கு மேசை விளிம்பில் 600 மி.மீ. குறைந்தபட்சம், மடிக்கணினியும் நோட்டும் விரிக்க 700 வசதி. ஆகவே 1400 நீளம் இருவருக்கு.

சரிவக மேசைகளும் பரவலாக விற்கின்றன. அரை அறுகோண வடிவம் என்றால் நீளப் பக்கம் 1200, மற்ற மூன்று பக்கங்களும் 600, கோணம் 60 டிகிரி. இரண்டைச் சேர்த்தால் ஆறுபேர் உட்காரும் அறுகோணம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பலகையின் ஆழம் 520 மி.மீ. மட்டுமே, நேர்வரிசையில் போட்டால் ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கவேண்டும். சிறு குழந்தைகளின் வகுப்புக்குச் சரி. பெரியவர்கள் கணினியோடு உட்காரும் அறைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பலகையை அடுத்துக் கால். நான்கு மூலையிலும் கால் இருக்கும் மேசைகளைச் சேர்த்தால், சேரும் இடத்தில் நான்கு கால்கள் ஒன்றாகக் குவியும். அந்த இணைப்பில் உட்காருபவருக்கு முழங்கால் வைக்க இடம் இருக்காது. நடுவில் தூணும் கீழே குறுக்குப் பாதமும் உள்ள ‘டி’ வடிவக் கால் இந்தச் சிக்கலைத் தவிர்க்கும். செருகி வைக்கும் மேசைகளில் பாதங்கள் சற்றே சாய்வாகவோ ஒருபக்கம் அகன்றோ இருக்கவேண்டும். பாதம் சாயாமல், நேராகவும் ஒரே அகலத்திலும் இருந்தால் அடுத்த மேசை உள்ளே போகாது. படத்தில் இது தெரியாது, கடையில் இரண்டு மேசைகளைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

எடைக் கணக்கு எளிது. 25 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகள் பலகை), அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 680 கிலோ. 1400 × 700 பலகை 0.98 சதுர மீட்டர். பெருக்கினால் பலகை மட்டும் 16.7 கிலோ. இரும்புச் சட்டகமும் திருப்பும் கருவியும் சேர்ந்தால் மேசை 30 கிலோவைத் தொடும். 18 மி.மீ. பிளைவுட் போட்டால் பலகை சுமார் 10.6 கிலோ. கையால் தூக்கும் எடைக்கு, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலே 23 முதல் 25 கிலோதான் பணியிடப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லப்படும் உச்சம். அகலமான மேசையை உடம்பை ஒட்டிப் பிடிக்கமுடியாது என்பதால் அதுவும் குறையும். ஆக, 30 கிலோ மேசைக்குச் சக்கரம் கட்டாயம். சக்கரம் வேண்டாம் என்றால் மெல்லிய பலகைக்குப் போகவேண்டும்.

## ஓர் அறையில் போட்டுப் பார்ப்போம்

8 × 6 மீட்டர் அறை, 24 பேர், 1400 × 700 மேசை 12, நாற்காலி 24. மேசை விளிம்பிலிருந்து பின்னால் நாற்காலிக்கு 800 மி.மீ. விடுவோம்.

வகுப்பு அமைப்பு: 6 மீட்டர் அகலத்தில் ஒரு வரிசைக்கு மூன்று மேசை, 4.2 மீட்டர். மீதி 1.8 மீட்டரை இரு பக்கமும் 900 மி.மீ. நடைபாதையாகப் பிரிக்கலாம். வரிசைக்கு வரிசை 700 + 800 = 1500 மி.மீ. நான்கு வரிசைக்கு 6 மீட்டர், முன்னால் 2 மீட்டர் மிச்சம். 24 பேர் உட்காரலாம். நடு மேசையில் இருப்பவர் எழுந்து வர, பக்கத்தில் இருப்பவர் நாற்காலியை உள்ளே இழுக்கவேண்டும். இது இந்த அமைப்பின் விலை.

குழு அமைப்பு: இரண்டிரண்டாகச் சேர்த்து ஆறு தீவுகள், ஒவ்வொன்றிலும் எதிரெதிரே நால்வர். நாற்காலியோடு ஒரு தீவு 3.0 × 1.4 மீட்டர். நாற்காலிகளை அறையின் அகலவாக்கில் வைத்தால் இரண்டு தீவுக்கே 6 மீட்டரும் தீர்ந்துவிடும், நடக்க வழியில்லை. நீளவாக்கில் திருப்பினால் அகலத்தில் மூன்று தீவுகள் 4.2 மீட்டர். ஓரத் தீவுகளைச் சுவரோடு ஒட்டினால் நடுவே 900 மி.மீ. பாதை இரண்டு. நீளத்தில் இரண்டு வரிசைக்கு 6 மீட்டர், வரிசைகளுக்கு நடுவே 900 விட்டால் முன்னால் 1.1 மீட்டர். அடங்கிவிட்டது. தீவின் திசையை மாற்றியதுதான் வித்தியாசம். இதை வாங்கும் முன்பே தாளில் 1:50 அளவில் மேசைகளை வெட்டி நகர்த்திப் பார்த்துவிடலாம்.

வெற்று அறை: இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. செருகிய மேசைகளில் முதல் மேசைக்கு 700 மி.மீ. ஆழம், அடுத்தடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 200 என்று வைப்போம். ஆறு மேசை கொண்ட வரிசைக்கு 1700 மி.மீ. இரண்டு வரிசை பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 2.8 × 1.7, கிட்டத்தட்ட 4.8 சதுர மீட்டர். நாற்காலிகளை எட்டெட்டாக அடுக்கினால் மூன்று அடுக்கு, இன்னொரு 1.5 சதுர மீட்டர். மொத்தம் 6.3. அதாவது 48 சதுர மீட்டர் அறையில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல். பக்கத்தில் கிடங்கு இல்லாவிட்டால் ‘காலி அறை’ என்பது 42 சதுர மீட்டர்தான். இந்த ஆறு சதுர மீட்டர் குவியல் வாசலையோ மின்பலகையையோ தீயணைப்புக் கருவியையோ மறைக்கக் கூடாது.

நேரத்தையும் சேர்க்கலாம். ஒரு மேசைக்கு ஒரு நிமிடம், ஒரு நாற்காலிக்குக் கால் நிமிடம் என்று எடுத்தால் 18 ஆள்-நிமிடம். இருவர் செய்தால் 9. இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் இது விளிம்பில் நிற்கும் கணக்கு. யாராவது ஒரு மின்கம்பியைப் பிடுங்க மறந்தாலும் போச்சு. தரையில் மேசை மூலை வரவேண்டிய இடங்களில் சிறு ஒட்டுக் குறிகள், ஓர் அமைப்புக்கு ஒரு நிறம். சுவரில் ஒரு வரைபடம். எந்த விலையுயர்ந்த கருவியையும்விட இவ்விரண்டும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

## சக்கரம்

சக்கரத்தின் தாங்குதிறனைக் கணக்கிடும்போது மொத்த எடையை நான்கால் வகுப்பதுதான் வழக்கமான தப்பு. தரை எங்கும் சமமாக இருப்பதில்லை, நகரும்போது பெரும்பாலும் மூன்று சக்கரங்களே எடையைத் தாங்குகின்றன. ஆகவே மூன்றால் வகுக்கவேண்டும். 38 கிலோ அலமாரி, 0.8 மீட்டர் தட்டு மூன்று, மீட்டருக்கு 30 கிலோ புத்தகம்: 72 கிலோ. மொத்தம் 110. நான்கால் வகுத்தால் 27.5, கடைக்காரர் 30 கிலோ சக்கரம் போதும் என்பார். மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட 37. ஆக 50 கிலோ சக்கரம். குறைவான சக்கரம் உடனே உடையாது. உருளை நசுங்கித் தட்டையாகும், இழுக்கக் கனக்கும், பிறகு யாரும் இழுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

விட்டம் 50 மி.மீ. என்றால் சமதரைக்குச் சரி. தரை இணைப்புகள், கதவுப்படி, மின்கம்பி மூடி ஆகியவற்றைக் கடக்க 75 மி.மீ. வேண்டும். டைல், மரத்தரைக்கு மென்மையான விளிம்புள்ள சக்கரம், கம்பளத்துக்குக் கெட்டியான நைலான் சக்கரம். மென்சக்கரத்தின் விளிம்பு பெரும்பாலும் நடுப்பகுதியிலிருந்து வேறு நிறத்தில் இருக்கும், அதைப் பார்த்தே அடையாளம் காணலாம். மாற்றிப் போட்டால் கெட்டிச் சக்கரம் டைலில் வழுக்கிச் சத்தம் போடும், மென்சக்கரம் கம்பளத்தில் புதைந்து நகராது.

பலர் கவனிக்காத ஒன்று, சுழல் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது. சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, அது சுழலும் செங்குத்து அச்சுக்கு நேர் கீழே இருக்காது. 75 மி.மீ. சக்கரத்தில் 35 மி.மீ. அளவுக்கு விலகியிருக்கலாம். 700 அகலம், அச்சுக்கு அச்சு 550 மி.மீ., எடை 30 கிலோ என்று ஒரு மேசை. 80 கிலோ ஆள் ஒருவர் விளிம்பின் நுனியில் உட்காருகிறார்.

– சக்கரங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் தாங்கும் புள்ளி நடுவிலிருந்து 310 மி.மீ. விளிம்பு 40 மி.மீ. மட்டுமே வெளியே நீள்கிறது. கவிழ்க்கும் திருப்பம் (எடையைத் தூரத்தால் பெருக்கியது) 80 × 0.04 = 3.2, தடுப்பது 30 × 0.31 = 9.3. மேசை அசையாது.

– உட்பக்கம் திரும்பியிருந்தால் தாங்கும் புள்ளி 240 மி.மீ. விளிம்பு 110 வெளியே. கவிழ்ப்பது 80 × 0.11 = 8.8, தடுப்பது 30 × 0.24 = 7.2. மேசை கவிழும்.

மேசையும் ஆளும் மாறவில்லை, சக்கரம் திரும்பிய பக்கம்தான் மாறியது. நேற்றுவரை நன்றாக நின்ற மேசை இன்று ஏன் கவிழ்ந்தது என்று திகைப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இதில் இருக்கும். வாங்கும்போது நான்கு சக்கரங்களையும் உள்ளே திருப்பி வைத்து விளிம்பை அழுத்திப் பாருங்கள். பூட்டு இரண்டு சக்கரத்திலாவது இருக்கவேண்டும். சக்கரம் உருள்வதை மட்டும் நிறுத்தாமல் சுழல்வதையும் நிறுத்தும் பூட்டு நல்லது.

## பலகையும் இணைப்பும்: தேய்வது எங்கே

பேனல் அலமாரிகளில் உட்பக்கம் வரிசையாகத் துளைகள் தெரியும். துளைக்குத் துளை 32 மி.மீ., விட்டம் 5 மி.மீ., முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. போருக்குப் பிந்திய ஜெர்மனியில் உருவான இந்த 32 மி.மீ. முறையை இப்போது உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். கீல், தட்டுத்தாங்கி, டிராயர் சட்டம் எல்லாம் இதே அளவில் வருவதால், தயாரிப்பாளர் கடையை மூடினாலும் வேறிடத்தில் பாகம் கிடைக்கும். தன் சொந்த அளவில் துளையிட்ட பொருளுக்கு அந்த வசதி இல்லை.

இணைப்புகளில் மிகப் பரவலானது 15 மி.மீ. வட்டக் கேம். திருப்பினால் போல்ட்டின் தலையைக் கவ்வும். தட்டையாகப் பெட்டியில் வந்து ஒருமுறை பொருத்தப்படும் பொருளுக்கு இது போதும். அடிக்கடி கழற்றும் பொருளுக்குப் போதாது. காரணம் கேம் இல்லை, அது உட்காரும் பலகை. பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரத்துகளும் பசையும். போல்ட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் துளைச்சுவர் கொஞ்சம் உதிரும். சில முறைக்குப் பிறகு போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. பிரித்துச் சேர்க்கவேண்டிய எந்த இணைப்புக்கும் பலகையில் உலோக மரையுறை பதித்து எம்6 (6 மி.மீ. விட்டம்) போல்ட் போடச் சொல்லவேண்டும். உலோகத்தில் உலோகம் சுழலும்போது பலகை தேயாது.

தட்டு வளைவதைக் குறித்து இரண்டு எண்கள் போதும். மீட்டருக்கு ஒரே அளவு சுமை என்றால் வளைவு நீளத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 800 மி.மீ. தட்டை 1000 ஆக்கினால் வளைவு 2.4 மடங்கு. தடிமன் 18-லிருந்து 25 ஆனால் வளைவு 2.7-ல் ஒரு பங்காகக் குறையும். தட்டை நீட்டுவதா, நடுவில் ஒரு தாங்கு வைப்பதா என்ற விவாதத்தை இது முடித்துவைக்கும்.

விளிம்புப் பட்டை: நகரும் மேசைக்கு 2 மி.மீ. கதவு நிலையிலும் மற்ற மேசைகளிலும் தினமும் இடிபடுவது விளிம்புதான். 0.8 மி.மீ. பட்டை மூலையில் பிரிந்து, துடைக்கும் தண்ணீர் உள்ளே போய்ப் பலகை உப்பும். கம்பிக்காக வெட்டிய துளையின் உட்புறத்தையும் மூடியிருக்கிறார்களா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

அளவுப் பிசகும் கூடிக்கொண்டே போகும். மேசைக்கு 1.5 மி.மீ. அதிகம் என்றால் ஆறு மேசை வரிசையில் 9 மி.மீ. உயரத்தில் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே எழுதும் தாள் இணைப்பில் தட்டும். சக்கரம் இல்லாத கால்களுக்கு 10 முதல் 20 மி.மீ. வரை திருகி உயர்த்தும் பாதம் வேண்டும். சக்கர மேசைக்கு அந்த வசதி பெரும்பாலும் இராது, இணைக்கும் கவ்வியை நம்பித்தான் ஆகவேண்டும்.

## தடுப்புகள்: மறைக்கும், ஒலியை நிறுத்தாது

உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டரில் இருக்கும். 1.3 மீட்டர் தடுப்பு உட்கார்ந்தவர் பார்வையை மறைக்கும், நின்றால் அறை முழுக்கத் தெரியும். 1.8 மீட்டர் போனால் நின்றவர் பார்வையையும் மறைக்கும். கூடவே இரண்டு சிக்கல்களும் வரும்.

முதலாவது கவிழ்தல். 1.8 மீட்டர் உயரம், 25 கிலோ எடை, பாதத்தின் ஆழம் 500 மி.மீ. 1.5 மீட்டர் உயரத்தில் தள்ளினால் கவிழ எவ்வளவு விசை போதும்? 25 × 0.25 ÷ 1.5, சுமார் 4 கிலோ. ஓடிவரும் குழந்தை தோள் உரசினால் போதும். பாதத்தில் 10 கிலோ எடை சேர்த்தால் 5.8 கிலோ, பாதத்தை 700 ஆக்கினாலும் அதே 5.8. இரண்டையும் செய்தால் 8.2. நேர்கோட்டில் ஒரு தடுப்பைத் தனியே நிறுத்தாமல் இரண்டை ‘எல்’ வடிவில் கவ்வி நிறுத்துவதே சிறந்த வழி. சக்கர அலமாரிக்கு என் வரம்பு, ஆழத்தைப் போல மூன்று மடங்கு உயரம். 400 ஆழத்துக்கு 1200. மேல்தட்டில் கனமான எதையும் வைக்காமல் இருந்தால்தான் அதுவும்.

இரண்டாவது ஒலி. துணி சுற்றிய தடுப்புக்கு என்.ஆர்.சி. 0.8 என்று விளம்பரம் இருக்கும். அது ஒலி உறிஞ்சும் அளவு. 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் நான்கிலும் உறிஞ்சும் விகிதத்தின் சராசரி. அறையின் எதிரொலியைக் குறைக்கும். அடுத்த பக்கம் பேசுவது கேட்காது என்று அது சொல்லவில்லை. ஒலியைத் தடுக்கும் திறனுக்கு எஸ்.டி.சி. என்று வேறோர் அளவு உண்டு. அதுவும் கூரைவரை போகாத தடுப்பில் பெரிதாக உதவாது, ஒலி மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கும். தனியே பேசவேண்டிய இடம் தேவை என்றால் தடுப்பு வாங்காதீர்கள், கதவுள்ள அறையோ மூடிய அறைக்கூண்டோ வேண்டும்.

கூரையில் தீயணைப்புத் தண்ணீர்த் தெளிப்பான் இருந்தால், அதற்குக் கீழே 45 செ.மீ. வரை எதுவும் உயரக் கூடாது என்பது பரவலான விதி. உயரத் தடுப்பு தண்ணீர் பரவுவதை மறைக்கும். கட்டடத்தின் தீப்பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கேட்காமல் இடம் முடிவுசெய்யவேண்டாம்.

## மின்சாரம், அணுகல்

மேசை நகரும், பிளக் பாயின்ட் நகராது. 24 பேரின் 65 வாட் சார்ஜர்கள் சேர்ந்து 1560 வாட்தான், அது பெரிய சுமை இல்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று தொடர்வதில்தான் ஆபத்து. தளர்ந்த இணைப்பு ஒவ்வொன்றும் சூடாகும், தரையில் கிடக்கும் கம்பி மேல் சக்கரம் ஏறி உறையை நசுக்கும். மேசையிலிருந்து மேசைக்கு மின்சாரம் எடுக்கும் முறை வேண்டும் என்றால், அதற்கென்றே செய்து, எத்தனை மேசை வரை என்று எழுதிக் கொடுத்த பொருளை மட்டும் வாங்குங்கள். மற்ற இடங்களில் பிளக் பாயின்ட் உள்ள சுவரையும் தூணையும் ஒட்டி அமைப்பைத் திட்டமிடுவது எளிது.

சக்கர நாற்காலிக்கு 900 மி.மீ. பாதை, திரும்ப 1500 மி.மீ. வட்டம், மேசைக்கு அடியில் கிட்டத்தட்ட 700 மி.மீ. உயர இடைவெளி வேண்டும். திருப்பும் மேசைகளின் அடியில் ஓடும் குறுக்குச்சட்டம் இந்த இடைவெளியைத் தின்றுவிடும். உட்காரும் உயரம் 450, மேசை 740 என்றால் இடைவெளி 290, மற்றவர்களுக்கு அது சரி. உயரம் மாறும் மேசை ஒன்றிரண்டாவது கலந்து வாங்கினால் எல்லாருக்கும் உதவும். ஆனால் அவை கனமானவை, நிமிட வேகத்தில் நகர்த்தும் கூட்டத்தில் சேர்க்காமல் ஓரிடத்தில் நிலையாக வைக்கவேண்டும்.

## ஆர்டருக்கு முன் ஒரு வாரம்

மொத்தமாக வாங்கும் முன் நான்கு மேசையும் எட்டு நாற்காலியும் மட்டும் தருவித்து, உண்மையில் அறையை மாற்றப்போகிறவர்கள் கையில் கொடுங்கள். ஷோரூமில் விற்பனையாளர் திருப்பிக் காட்டுவது சோதனை ஆகாது.

1. ஒருவர் தனியாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல் மேசையைத் திருப்பிச் செருகமுடிகிறதா? தாழ்ப்பாள் எங்கே என்று தேடினால் அது தோல்வி.
2. தாழ்ப்பாளை விடுவிக்கும்போது விரல் நசுங்கும் இடுக்கு இருக்கிறதா?
3. கதவு வழியாக, படிக்கட்டு இருந்தால் லிஃப்ட் வழியாக, செருகிய வரிசையாகவே போகிறதா? கதவின் அகலத்தை நிலையிலிருந்து அல்ல, கதவு திறந்தபின் மிஞ்சும் இடைவெளியிலிருந்து அளக்கவேண்டும்.
4. எட்டு நாற்காலியை அடுக்கிய பின் தள்ளுவண்டியோடு சேர்த்து உயரம் என்ன, கதவு நிலை தட்டுகிறதா?
5. பூட்டிய மேசைமேல் மாணவர் சாய்ந்தால் எவ்வளவு ஆடுகிறது? வார இறுதியில் அதே ஆட்டமா, கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் கால் இணைப்பு போல்ட் எந்த வகை என்று பாருங்கள்.
6. எட்டு நாற்காலிகளை மேலிருந்து எடுக்கும்போது பக்கச்சட்டத்தில் கீறல் விழுகிறதா?

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் சேர்க்கவேண்டும். ஒன்று, எந்தத் தரச் சோதனை என்று பெயரோடு: வீட்டுக்கு வெளியே பயன்படும் மேசைக்கு ஐரோப்பிய இ.என். 15372, நாற்காலிக்கு இ.என். 16139, அலமாரிக்கு இ.என். 16121. அமெரிக்க முறையில் மேசைக்கு பிஃப்மா எக்ஸ்5.5, அலமாரிக்கு எக்ஸ்5.9. ‘சர்வதேசத் தரம்’ என்று மட்டும் எழுதித் தந்தால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. இரண்டாவது, சக்கரம், தாழ்ப்பாள், கவ்வி, பாதத்தொப்பி ஆகிய நான்கும் எத்தனை ஆண்டு தனியாகக் கிடைக்கும் என்பது. மேசையில் முதலில் போவது இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். இருபது மேசைக்கு இரண்டு செட் உதிரியை முதல் ஆர்டரிலேயே சேர்த்து, பாக எண் எழுதிய உறையில் போட்டு, ஆலன் கீயோடு அதே அறையின் அலமாரியில் வைக்கவேண்டும்.